தலை அசையவில்லை

எங்கள் குப்பத்தில் மீன் ஏலம் கரை மணலிலேயே நடக்கும். படகு கரை ஏறியதும் வலையை உதறி மீனைக் குவிப்பார்கள். ஏலக்காரர் விலை சொல்வார். ஏலம் எடுக்கிற பெண்கள் சுற்றி நிற்போம். சிலர் கத்திக் கேட்பார்கள். நான் கத்த மாட்டேன். தலையை அசைப்பேன். ஏலக்காரருக்கு என் தலை தெரியும். பல வருஷமாக என் தலையைப் பார்த்துத்தான் எனக்கு மீன் விட்டார்.

தலை அசைந்தால் மீன் உன்னுடையது. பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது. அசையாவிட்டால் அடுத்தவளுக்கு.

ஒரு குவியலைத் தனியாக எடுக்க என்னால் ஆகாது. அதனால் கூட்டு. இரண்டு பெண்கள் சேர்ந்து எடுத்து ஆளுக்குப் பாதி. எங்கள் பக்கம் இது வழக்கம். என் கூட்டுக்காரி எங்கள் தெருதான். அவளுக்கு வாய், எனக்குக் கண். நான் மீனைப் பார்த்து எடுப்பேன். லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சோழிங்கநல்லூர் வழியாக மேடவாக்கம் போவோம். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் இடம். அவள் கூவி விற்பாள். நான் பின்னால் அருவாமணை போட்டு உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பேன். என் புருஷனைவிட அவளோடுதான் அதிகம் இருந்திருக்கிறேன். பேசியதெல்லாம் அவள்.

அன்று ஒரு வஞ்சிரக் குவியல் வந்தது. கண் தெளிவாக இருந்தது. உடம்பு விறைப்பாக இருந்தது. மேடவாக்கத்தில் ஒரு வீட்டில் காதுகுத்து. வஞ்சிரம் கொண்டு வருகிறேன் என்று கூட்டுக்காரி வாக்குக் கொடுத்திருந்தாள். அதை எடுக்கத்தான் போனோம்.

ஏலக்காரர் விலை சொன்னார். என் முகத்தைப் பார்த்தார். காதில் விழுந்தது. நல்ல மீன், நல்ல விலை. எல்லாம் தெரிந்தது. தலை மட்டும் அசையவில்லை. வேண்டாம் என்று நினைக்கவில்லை. வேண்டும் என்றும் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருதரம் என்றார். இரண்டுதரம் என்றார். எனக்காக இன்னொரு தரம் நிறுத்திப் பார்த்தார். பிறகு கோவளத்திலிருந்து வந்த ஒருத்திக்குப் போட்டுவிட்டார்.

கூட்டுக்காரி மீன் அள்ள வைத்திருந்த அன்னக்கூடையைக் கீழே போட்டாள்.

"இன்னாடி, நின்னுகினே தூங்கறியா? கண்ணு தொறந்துதானே கீது?"

நான் கீழே கிடந்த கூடையைப் பார்த்தேன்.

"தலய ஆட்டறதுகூட உனுக்குப் பேஜாரா? நான் வாய் கிழிய கத்தறேன் டெய்லி. உனுக்கு இன்னாடி வேல, இந்த ஒரு தலைய ஆட்டறதுதானே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கழுத்து புடிச்சிக்கிச்சு போல, எண்ண தடவி வுடுங்கடி" என்றாள் ஒருத்தி.

மிஞ்சியதை எடுத்துக்கொண்டு போனோம். காதுகுத்து வீட்டுக்காரர் வந்து வஞ்சிரம் எங்கே என்று கேட்டார். கூட்டுக்காரி அவரிடம் திட்டு வாங்கினாள். நான் சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது ஆட்டோவில் அவள் பேசவில்லை. அவள் பேசாமல் வந்த ஒரே நாள் அதுதான்.

மறுநாள் காலை நான் எழுந்திருக்கவில்லை.

அதற்குக் காரணம் என்னவென்று எல்லோரும் கேட்டார்கள். இப்போதும் கேட்கிறார்கள். காரணம் இல்லை. யாரும் சாகவில்லை. புருஷன் குடிகாரன் இல்லை. மகளைத் தாம்பரத்தில் கட்டிக்கொடுத்தோம், நன்றாக இருக்கிறாள். ஒரு கஷ்டமும் புதிதாக வரவில்லை. இருக்கிற கஷ்டம் இருந்தது. அது எப்போதும் இருந்ததுதான்.

என் புருஷன் வேறு ஒருவர் படகுக்குப் போகிறவர். கடலிலிருந்து வந்து பார்த்தார். நான் படுத்திருந்தேன்.

"ஒடம்புக்கு இன்னாமே?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எய்ந்திரு."

"முடியல."

"இன்னா முடியல?"

காய்ச்சல் இருந்திருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். கையை வைத்துப் பார்த்து, ஆமாம் சுடுகிறது என்று கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பார்கள். எனக்குச் சுடவில்லை. அதனால் கொழுப்பு என்று ஆயிற்று.

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பல் தேய்க்கவே பெரிய வேலையாக இருக்கும். பிரஷ்ஷை எடுக்க வேண்டும், பேஸ்ட்டைப் பிதுக்க வேண்டும், தண்ணீர் மொள்ள வேண்டும். யோசித்துப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பேன். குளித்தால் நன்றாக இருக்கும் என்று தெரியும். குளிக்க மாட்டேன். சாப்பாடு மண் மாதிரி இருந்தது. அழுகைகூட வரவில்லை. அழுதிருந்தால் பார்க்கிறவர்களுக்கு ஏதோ புரிந்திருக்கும்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கண்ணேறு என்றார்கள். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடி வரவில்லை, பார்த்தியா கண்ணுதான் என்றார்கள். நெடி வந்திருந்தால் வேறு ஒன்று சொல்லியிருப்பார்கள். என்மேல் யார் கண் வைப்பார்கள்? வைப்பதற்கு என்ன இருக்கிறது?

மகள் தாம்பரத்திலிருந்து போனில் வீடியோ அனுப்பினாள். தினமும் காலையில் ஒன்று. கோட்டுப் போட்ட ஒரு ஆள் மேடையில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டு பேசுகிறான். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் உங்களைப் பார்த்துச் சிரியுங்கள் என்கிறான். எங்கள் வீட்டுக் கண்ணாடி என் புருஷன் ஷேவ் செய்கிற உயரத்தில் மாட்டியிருக்கிறது. நான் சிரிக்க வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். இன்னொருத்தன், நீங்கள் உங்களுக்குப் பிடித்த வேலையைச் செய்யுங்கள் என்கிறான். யாருக்குச் சொல்கிறான் என்று தெரியவில்லை.

"வீடியோ பாத்தியாமா?" என்று மகள் கேட்பாள்.

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா நடக்கறான்."

"அம்மா, நீ கிண்டல் பண்றியா? ஒரே எடத்துல படுத்துக்கிட்டிருந்தா மூட் எப்படி மாறும்? நீயா டிரை பண்ணணும்."

நான் கிண்டல் பண்ணவில்லை. அவ்வளவுதான் பார்த்தேன்.

ஒருநாள் அவளே வந்து என்னைத் தாம்பரத்துக்கு அழைத்துப் போனாள். ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் நார்மல் என்றார். மகளுக்கு அதில் ஏமாற்றம். டாக்டரம்மா நல்ல மாதிரிதான் பேசினார். "காலையில கொஞ்சம் வாக்கிங் போங்கம்மா" என்றார். தலையில் அன்னக்கூடையோடு நான் நடந்த நடை அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உட்காருங்கள் என்று சொல்லியிருப்பார்.

திரும்பும் முன் மகள் திருநீர்மலைக்குக் கூட்டிப் போனாள். மலை ஏறினால் மனசு லேசாகும் என்று அவள் மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாராம். படி ஏறினேன். மூச்சு வாங்கியது. மேலே ரங்கநாதரைப் பார்த்தேன். அவரும் படுத்துக்கொண்டுதான் இருந்தார். அவரை யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. மாலை போட்டுக் கும்பிட்டார்கள்.

மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் தெரிகிறது. விமானம் தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தது. "காத்து சூப்பரா இருக்குல்லமா?" என்றாள் மகள். ஆமாம் என்றேன். அவளுக்காகச் சொன்னேன். இறங்கி வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

கூட்டுக்காரி முதலில் போன் செய்தாள். திட்டினாள். பிறகு வீட்டுக்கு வந்து வாசலில் நின்று திட்டினாள்.

"நீ கூட்டா இல்லியா, ஒரு வார்த்த சொல்லிடு. நான் தனியா எப்டிடி எடுப்பேன்? ஏலத்துல நிக்கறேன், ஏலக்காரன் உன்ன தேடறான். எனுக்கு மீனு பாக்கத் தெர்யாதுன்னு ஊருக்கே தெரியும்."

"வர்றேன்" என்றேன்.

"எப்ப?"

தெரியவில்லை. அவள் போய்விட்டாள். அப்புறம் போனும் வரவில்லை. கூட்டு இல்லாமல் அவளால் ஓட்ட முடியாது. வேறு ஆளைச் சேர்ப்பாள். சேர்த்துவிட்டால் எனக்கு இடம் போய்விடும். வேறு எவளும் வாய் இல்லாதவளைக் கூட்டுக்குச் சேர்க்க மாட்டாள். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். இதெல்லாம் படுத்துக்கொண்டு யோசித்தேன். பயமாக இருந்தது. பயந்தும் எழுந்திருக்கவில்லை. பயம் வந்தால் எழுந்துவிடுவார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். எனக்கு அப்படி நடக்கவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகுக்குப் போகிற ஆள் நோயில் விழுந்தால் கொஞ்ச நாள் அவன் பங்கு மீனை வீட்டுக்கு அனுப்புவார்கள். கூட்டு முறியவில்லை என்று அர்த்தம். அது ஆம்பளைகளுக்குள் உள்ள வழக்கம். பெண்கள் கூட்டில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் காலை லோடு ஆட்டோக்காரர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்தார். எங்கள் மீனை ஏற்றிப் போகிறவர் அவர்தான்.

"அக்கா, உங்க கூட்டாளி குட்த்துச்சு. பங்காம்."

அவர் போன பிறகும் படுத்திருந்தேன். மீன் வாசலில் இருந்தது. வெயில் ஏறியது. பூனை வந்தது. பிறகு வாடை வந்தது. மீன்காரிக்கு மீன் வாடை தெரியாது என்பார்கள். கெட்ட மீனின் வாடை எங்களுக்குத்தான் முதலில் தெரியும். கொஞ்ச நேரம் புடவையை மூக்கில் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி சத்தம் போட ஆரம்பித்தாள். எழுந்து போய்ப் பார்த்தேன்.

கானாங்கத்தை. வயிறு வெடித்திருந்தது. செவுளைத் தூக்கினேன், பழுப்பு. கண் உள்ளே போயிருந்தது. முந்தின நாள் மீன்.

கூடையைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினேன். காக்காய்கூட யோசித்துத்தான் வந்தது. கூடையைக் கழுவினேன். கை நாறியது. அதனால் கையைக் கழுவினேன். கை கழுவும்போது முகத்தையும் கழுவிக்கொண்டேன்.

மறுநாளும் வந்தது. கிழங்கான். அமுக்கினால் விரல் உள்ளே போயிற்று. அதற்கு மறுநாள் நண்டு. கால் உதிர்ந்தது, உள்ளே வெறும் தண்ணீர். ஒவ்வொரு நாளும் எழுந்து போய்க் கொட்ட வேண்டியிருந்தது. வீட்டில் வேறு யாரும் கொட்டவில்லை. "உன் பங்குதானே" என்று சொல்லிவிட்டார் என் புருஷன்.

எனக்கு உள்ளே ஏதோ ஆரம்பித்தது. சந்தோஷம் இல்லை. எரிச்சல். படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்ப்பதற்குப் பதில் அந்த மீனைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். பங்கு என்றால் நல்லதில் கொஞ்சம், கெட்டதில் கொஞ்சம் வர வேண்டும். நான் பிரித்த காலத்தில் அப்படித்தான் பிரித்தேன். எனக்குப் பெரியது வந்தால் அடுத்த தடவை பெரியது அவளுக்கு. இவள் அழுகியதை மட்டும் அனுப்புகிறாள். அதுவும் எனக்கு. மீன் பார்க்கத் தெரிந்தவளுக்கு.

ஒரு காலை வயிறு வெடித்த கானாங்கத்தை திரும்பவும் வந்தது. கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தலை சீவவில்லை. ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மேடவாக்கம் வரை கூடையை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கூட்டுக்காரி அவள் இடத்தில் உட்கார்ந்து கூவிக்கொண்டிருந்தாள். பின்னால் என் இடத்தில் அவள் நாத்தனார். என் அருவாமணையில் வெட்டிக்கொண்டிருந்தாள். வஞ்சிரத்தை ஒரு துண்டு செங்கல் மாதிரி, ஒரு துண்டு அப்பளம் மாதிரி வெட்டி வைத்திருந்தாள்.

கூட்டுக்காரி என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"வந்துட்டியா. இன்னாடி கோலம் இது, பேய் மாரி கீற? கஸ்டமருங்க பயந்துடப் போறாங்கோ, அப்டி ஓரமா நில்லு."

கூடையை அவள் முன்னால் வைத்தேன்.

"அழுவுன மீன அனுப்பறியா?"

"ஆமா."

இல்லை என்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அதற்கு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அது வீணாயிற்று.

"பங்குன்னா நல்லதும் வரணும்."

"நல்ல மீன உனுக்கு அனுப்ச்சிட்டு நான் இன்னாத்த விக்கறது? உன் மூஞ்சியவா?"

மீன் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். நான் அவளைப் பார்த்தேன். கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"படுத்துகினு கீறவளுக்கு வஞ்சிரம் கேக்குதா?" என்றாள் கூட்டுக்காரி. "ஊர்ல எவளாவது பங்கு அனுப்பறாளா? நான் அனுப்பனேன். அதுக்கு சண்டைக்கு வந்துட்டா, ஷேர் ஆட்டோ புடிச்சி."

உன்னை எழுப்பத்தான் அவள் வேண்டுமென்றே அப்படி அனுப்பினாள் என்று பின்னால் என் மகள் சொன்னாள். கோட்டுப் போட்ட ஆளின் வீடியோவில் அப்படி ஒரு கதை வருமாம். இல்லை. எனக்கு அவளைத் தெரியும். விற்காத மீனை அனுப்பினாள். பங்கு அனுப்பிய பேரும் வந்தது, குப்பையும் போனது.

நான் நின்றுகொண்டே இருந்தேன். கூட்டம் குறைந்ததும் அவளே கேட்டாள்.

"நாளைக்கு வர்றியா?"

"வர்றேன்."

"வா. ஆனா பாதி கெடையாது. இவ கீறா பாரு. மூணுல ஒண்ணு."

"அண்ணி, என் பங்கு கொறையாதே?" என்றாள் நாத்தனார்.

"வாய மூடிகினு மீன ஒழுங்கா வெட்டு. கட்டில் கால் மாரி வெட்டி வெச்சிகிறா."

மூன்றில் ஒன்று. இத்தனை வருஷம் பாதியாக இருந்தவளுக்கு. என் அருவாமணையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு மூன்றில் ஒன்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போய் எங்கே படுப்பது? அந்தக் கட்டில்தான். சரி என்றேன்.

மறுநாள் காலை எப்படி எழுந்தேன் என்று கேட்டால் தெரியாது. மனசு ஒன்றும் தெளியவில்லை. உடம்பு சாக்கு மாதிரி கனத்தது. அருவாமணையை அந்த நாத்தனாரிடம் விட்டுவைக்கக் கூடாது என்ற ஒன்றுதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

கரையில் ஏலம் நடந்தது. இப்போது எடுப்பவள் நாத்தனார். அவள் கத்திக் கத்தி விலையை ஏற்றினாள். அவள் ஆசைப்படுகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் எல்லோரும் ஏற்றினார்கள். நான் பின்னால் நின்றேன். ஏலக்காரர் என் பக்கம் பார்க்கவில்லை. பழக்கம் விட்டுப் போயிருந்தது.

ஒரு சங்கராக் குவியல் விழுந்தது. நல்ல சிவப்பு. விலை தோதாக இருந்தது. எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது கழுத்துக்கு வந்து சேர நேரம் பிடித்தது. அந்த நாட்களில் எனக்கு எல்லாமே அப்படித்தான். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் போன பிறகு திரும்புவேன். என் தலை அசைந்தபோது சங்கரா வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. ஏலக்காரர் அடுத்த குவியலுக்கு விலை சொல்லி முடித்திருந்தார். என் தலையைப் பார்த்தார். எனக்கே போட்டார்.

காரப்பொடி.

சின்ன மீன். விரல் நீளம்கூட இருக்காது. பாதி முள். மணலோடு ஒரு பெரிய குவியல். அதை யாரும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. ஏலக்காரர் என் தலை திரும்பி வந்த சந்தோஷத்தில் சட்டென்று முடித்துவிட்டார்.

கூட்டுக்காரி மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கு வஞ்சிரத்துக்கு ஆடாத தல இன்னிக்கு இதுக்கா ஆடணும்? மேடவாக்கத்துல காரப்பொடிய எவடி வாங்குவா? முள்ளு இல்லாத மீனா பாத்துக் குடுங்க ஆன்ட்டின்னு கேக்கறவளுங்கடி அங்க!"

"தப்பா ஆடிடுச்சு" என்றேன்.

"தப்பா ஆடிடுச்சாம். மூணுல ஒண்ணுன்னேன்ல? இதான் உன் மூணுல ஒண்ணு. நீயே தூக்கிகினு வா. நீயே வித்துக்க. என் வாய் இதுக்கு வராது."

எங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தாள். தண்ணி லாரிகள் திரும்புகிற முனை. லாரி போகும்போதெல்லாம் சிந்துகிற தண்ணீர் கால் வரை வந்தது. அன்னக்கூடையை முன்னால் வைத்து மீனைக் கூறு கட்டினேன். கூவவில்லை. கூவியதே இல்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுக்குமாடியிலிருந்து வந்த ஒரு பெண் குனிந்து பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது என்ன ஃபிஷ்?"

"காரப்பொடி."

"முள் இருக்குமா?"

"இருக்கும்."

"நிறைய இருக்குமா?"

"முள்ளுதான்."

அவள் போய்விட்டாள். கூட்டுக்காரி அங்கிருந்தே கத்தினாள்.

"முள்ளுதான்னு சொல்றாளே பாவி! மொறுமொறுன்னு வறுத்தா முள்ளோட துன்னலாம்னு சொல்லுடி! வாய்ல இன்னா வெச்சிகினு கீற?"

அடுத்து வந்தவளிடம் அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்து யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. ஐஸ் கரைந்தது. மீனின் கண் மங்க ஆரம்பித்தது. என் வீட்டு வாசலில் இருந்த கூடை நினைவுக்கு வந்தது. அந்த வாடையை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட என்னால் முடியாது. அது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

"காரப்பொடி" என்றேன்.

எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். கொஞ்சம் கேட்டது. மூன்றாவது தடவை தொண்டை கிழிந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. தண்ணி லாரி கிளீனர் எட்டிப் பார்த்தான். கூட்டுக்காரியும் நாத்தனாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"கோழிய புடிச்சிட்டாங்கடி!" என்றாள் கூட்டுக்காரி.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். கத்திக்கொண்டே இருந்தேன். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. இத்தனை நாள் வராதது, ரோட்டில் காரப்பொடிக்கு நடுவில் வந்தது. புடவையால் துடைத்துக்கொண்டு கத்தினேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். எதிரே கட்டுகிற கட்டடத்திலிருந்து வடக்கத்திப் பையன்கள் வந்தார்கள். தலையில் சிமெண்ட் தூசி. ஒருவன் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு மீனை எடுத்தான். நகத்தால் செவுளைத் தூக்கிப் பார்த்தான். மேடவாக்கத்தில் ஒருவர் செவுளைத் தூக்கிப் பார்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, சோட்டா மச்சி" என்றான். "அச்சா." சின்ன மீன், நல்லது என்கிறான்; அவன் ஊரில் இதுதான் நல்ல மீன் என்று கையால் காட்டினான். எங்கள் ஊரிலும் அப்படித்தான். மேடவாக்கம்தான் நடுவில் இருக்கிறது.

விரலால் பேரம் பேசினோம். எனக்குத் தோதான பேரம். வாயே தேவைப்படவில்லை. அவன் போனில் யாரிடமோ பேசினான். இன்னும் சிலர் வந்தார்கள். கூறு கூறாக எடுத்துக்கொண்டு போனார்கள். அன்னக்கூடையில் தண்ணீரும் செதிலும்தான் மிஞ்சின.

"நாள்க்கி?" என்று கேட்டான் அவன்.

தலையை அசைத்தேன். சரியான நேரத்தில் அசைந்தது.

அப்போதுதான் வயிற்றில் என்னவோ செய்தது. வலி என்று நினைத்தேன். பசி. கூட்டுக்காரி அவள் டிபன் பாக்ஸைத் தள்ளினாள். நாத்தனார் சாப்பிட்டு மீந்த சோறு.

"துன்னு. செத்துகித்து வெக்காத. அப்புறம் பங்கு யாருக்கு அனுப்பறது?"

சாப்பிட்டேன். சோற்றில் உப்புக் குறைவு என்று தெரிந்தது. சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காரப்பொடியை வேண்டுமென்றே எடுத்தேன். நெத்திலியும் எடுத்தேன். ஏலத்தில் போட்டி இல்லாத மீன். தலையை லேசாக அசைத்தால் போதும். பையன்கள் கட்டடத்துக்குக் கட்டடம் சொல்லி அனுப்பினார்கள். என்னுடைய மூலை ஒரு கடை மாதிரி ஆயிற்று. என் மீன், என் சத்தம். யாருக்கும் பங்கு இல்லை.

என் மகள் கேட்டு மகிழ்ந்தாள். "பாத்தியாமா, நான் சொன்னேன்ல? பாசிட்டிவா இருந்தா எல்லாம் மாறும்." என்ன மாறிற்று? அதே ரோடு, அதே லாரித் தண்ணீர். காலையில் அதே மின்விசிறி. நான் பாசிட்டிவாக ஒருநாளும் இருக்கவில்லை. மீன் கெட்டுப்போகும் என்று கத்தினேன். அவ்வளவுதான்.

நாத்தனார் வேலையை விட்டுவிட்டாள். கையெல்லாம் வெட்டு. ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் போனாள். ஏசி இருக்கிறதாம். என் அருவாமணை எனக்குத் திரும்ப வந்தது. முனை மழுங்கியிருந்தது.

அன்று மாலை ஆட்டோவில் கூட்டுக்காரி சொன்னாள்.

"நாளையிலேர்ந்து அந்தப் பொடி மீன்லயும் பாதி எனுக்கு."

"எதுக்கு?"

"கூட்டுன்னா கூட்டுதானே."

"மூணுல ஒண்ணுன்ன. நீயே வித்துக்கன்ன."

"அவதான் பூட்டாளே. ரெண்டு பேருக்கு மூணுல ஒண்ணு எப்டிடி வரும்? கணக்குப் போடத் தெர்யாதா உனுக்கு?"

"அது நான் புடிச்ச யாவாரம்."

"புடிச்ச. என் எடத்துக்குப் பக்கத்துல உக்காந்து புடிச்ச. பெரிய மீன்ல பாதி உனுக்கு, பொடி மீன்ல பாதி எனுக்கு. இன்னா சொல்ற?"

எனக்குக் கோபம் வந்தது. அழுகிய மீன் அனுப்பியவள். என் அருவாமணையைக் கொடுத்தவள். காரப்பொடிக்கு வாய் வராது என்றவள். இன்று அது விற்கிறது என்றதும் பாதி கேட்கிறாள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். கத்திப் பழகிய வாய். வந்திருக்கும்.

ஆனால் அவள் கேட்டது பாதி. பாதி கேட்டால் மீதிப் பாதி என்னுடையது, பெரிய மீனிலும். இத்தனை நாள் அது என்னிடம் இல்லை. அதைத் தருகிறேன் என்று அவள் சொல்ல மாட்டாள். இப்படிப் பிடுங்குகிற மாதிரிதான் தருவாள்.

தலையை அசைத்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சோழிங்கநல்லூர் ரோட்டு டிராபிக்கைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

எனக்குக் குணமாகிவிட்டது என்று இதைச் சொல்லவில்லை. இப்போதும் சில நாள் காலையில் கண் திறந்தால் கழுத்துக்கு ஒன்றுமே வந்து சேராது. பல் தேய்க்க யோசனையாக இருக்கும். படுத்தே இருப்பேன். அப்போது போன் அடிக்கும்.

"படகு ஏறிடுச்சு. வர்றியா, இல்ல பங்கு அனுப்பட்டுமா?"

அந்த மீன் கண் முன்னால் வந்து நிற்கும், வயிறு வெடித்து. வருகிறேன் என்று வாயால் சொல்ல அந்த நேரத்தில் என்னால் ஆகாது. தலையைத்தான் அசைக்கிறேன். போனில் தலையசைத்தால் அவளுக்குத் தெரியாது. எழுந்து போய்த்தான் காட்ட வேண்டியிருக்கிறது.